வேன் கூரையில் வெடிப்பா? மழைக்கு முன்பே கவனித்தால் முதல் தப்பும்

தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வட்டாரங்களில் பழைய வேனையோ சிறிய லோரியையோ வாங்கி, அதை நடமாடும் உணவகமாக மாற்றித் தொழில் செய்யும் இந்தியர்கள் பலர் உண்டு. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில், பலருக்கு அதுதான் முதல் சொந்தத் தொழில். விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் சென்று தங்குவதற்குக் கேம்பர் வேன் வைத்திருப்போரும் இப்போது இருக்கிறார்கள். கூரையை மேலே தூக்கி நிறுத்தி, கன்வாஸ் சுவரை விரித்து, உள்ளே படுத்து உறங்கும் வகை வண்டிகளும் அவற்றில் அடங்கும்.

இவ்வண்டிகளில் இயந்திரத்தைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம். கூரையை மட்டும் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. உள்ளே சொட்டுச் சொட்டாக நீர் விழும்போதுதான் அதன் நினைவு வருகிறது. அதற்குள் கூரைக்கும் உள்தட்டுக்கும் இடையே உள்ள பலகை ஊறி, மின்கம்பிகள் நனைந்து, செலவு பல மடங்காகியிருக்கும்.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஆண்டுக்கு இரண்டு முறை மழை கூடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மறுமுறை. தெலுக் இந்தானின் பெருவிழாவான சித்ரா பௌர்ணமி முதல் மழைக்காலத்தில் வருகிறது. தீபாவளிச் சந்தை பெரும்பாலும் இரண்டாவதில் வருகிறது. அதாவது, வியாபாரம் சூடுபிடிக்கும் நாட்களும் கூரை ஒழுகும் நாட்களும் ஒன்றே. அந்த நேரத்தில் வண்டியைப் பட்டறையில் நிறுத்தினால் முதலுக்கே மோசமாகிவிடும். ஆகவே கூரை வெடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைக் கொண்டு சரிசெய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கூரை எதனால் ஆனது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இரும்புத் தகட்டுக்குச் செய்யும் வைத்தியம் பைபருக்கு ஆகாது. பைபருக்குச் செய்வது பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரண வேனின் கூரை இரும்புத் தகடு. அது வெடிப்பதைவிடத் துருப்பிடிப்பதுதான் அதிகம். உயர்த்திக் கட்டப்பட்ட கூரைகள், உணவு வேன்களின் பெட்டிகள், தூக்கி நிறுத்தும் கேம்பர் கூரைகள் ஆகியவற்றில் பல பைபரால் ஆனவை. கண்ணாடி இழைகளை ரெசின் என்னும் பிசினில் தோய்த்து இறுகச் செய்வதுதான் பைபர். மூன்றாவது வகை ஏபிஎஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக். பிள்ளைகள் விளையாடும் லெகோ கட்டைகளும் அதே ஏபிஎஸ்தான். வெளிநாட்டிலிருந்து வரும் சில மடக்குக் கேம்பர்களுக்கு இந்தப் பிளாஸ்டிக்கை ஒரே பெரிய தகடாக வார்த்துக் கூரையாகப் போட்டிருப்பார்கள்.

எது எது என்று கண்டறிய எளிய வழிகள் உண்டு. இரும்பு என்றால் காந்தம் ஒட்டும். பைபர் என்றால், சாயம் பூசாத உள்பக்கத்தில் கண்ணாடி இழைகள் நூல் நூலாகத் தெரியும், விரல் வைத்துத் தேய்த்தால் உறுத்தும். ஏபிஎஸ் என்றால் இழைகளே இருக்காது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும். இன்னும் ஐயம் இருந்தால், கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பஞ்சில் ஒரு துளி அசிட்டோன் தொட்டு வைத்துப் பார்க்கலாம். ஏபிஎஸ் பசைபோல் பிசுபிசுக்கும். நன்றாக இறுகிய பைபர் அப்படியே இருக்கும்.

வெடிப்பு ஏன் வருகிறது?

வெயில்தான் முதல் காரணம். நண்பகலில் நிழலில்லாத இடத்தில் நிற்கும் வண்டியின் கூரை, அதுவும் அடர்நிறக் கூரை, 60 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடாகும். மாலையில் ஒரு மழை கொட்டினால் சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் நாள்தோறும் நடக்கிறது.

எல்லாப் பொருளும் ஒரே அளவில் விரிவதில்லை. 3 மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் கூரை, 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர் நீள்கிறது. அதைத் தாங்கும் அலுமினியச் சட்டமோ அதே சூட்டில் 3 மில்லிமீட்டர்கூட நீள்வதில்லை. இரண்டையும் திருகாணி போட்டு இறுக்கிவிட்டால், நகர இடமில்லாத பிளாஸ்டிக் எங்காவது பிளந்துதானே ஆக வேண்டும்? அதனால்தான் வெடிப்பு பெரும்பாலும் திருகாணித் துளையிலிருந்தோ மூலையிலிருந்தோ காற்றுத் திறப்பின் ஓரத்திலிருந்தோ தொடங்குகிறது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வந்த சில மடக்குக் கேம்பர்களின் ஏபிஎஸ் கூரைகள் இப்படி வெடித்ததற்குப் பெயர்போனவை. பைபர் விரியும் அளவு ஏறத்தாழ அலுமினியத்தை ஒத்தது என்பதால், இந்த வகைத் தொல்லை அதற்குக் குறைவு.

இரண்டாவது காரணம் சூரியனின் புற ஊதாக் கதிர்கள். ஏபிஎஸ்ஸில் நெகிழ்வைத் தருவது அதில் கலந்துள்ள ரப்பர் பகுதி. பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் அந்தப் பகுதியை வெயில் கெடுத்துவிடும். பழைய ரப்பர் வளையம் வெயிலில் கிடந்து நொறுங்குவதைப் பார்த்திருப்போம், அதே கதைதான். மேற்பரப்பு மஞ்சளாகி, வெளிறி, மாவாகக் கையில் ஒட்டினால் அது முதுமையின் அடையாளம். பைபரில் மேலே உள்ள பளபளப்பான பூச்சுதான் இழைகளைக் காக்கிறது. அது தேய்ந்தால் இழைகள் வெளியே தெரிந்து நீரை உறிஞ்சத் தொடங்கும்.

மூன்றாவது, சுமை. தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தை அறியாதவர் இல்லை. 1885இல் கட்டப்பட்ட அதன் உச்சியில் நீர்த்தொட்டி இருந்தது. மேலே பாரம், கீழே மென்மையான நிலம், அதனால் சாய்ந்தது என்பார்கள். வண்டிக் கூரைக்கும் இது பொருந்தும். குளிர்சாதனப் பெட்டி, சூரிய மின்தகடு, விளம்பரப் பலகை என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால், தாங்கும் சட்டம் கீழே இல்லாத இடத்தில் கூரை தாழ்ந்து குழியாகும். அந்தக் குழியில் மழைநீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் எடை 10 கிலோ. குழி மேலும் தாழும், நீர் மேலும் தேங்கும்.

கூரைமேல் ஏறி நடப்பதும், மரத்தடியில் நிறுத்திய வண்டிமீது கிளையோ தேங்காயோ விழுவதும், தாழ்வான கிளையில் இடிப்பதும் மற்றக் காரணங்கள்.

வெடிப்பா, வெறும் கீறலா?

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், ஏணி வைத்துப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். கூரைமேல் ஏறக்கூடாது. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, அழுக்கையும் பாசியையும் நீக்கினால்தான் கோடுகள் தெரியும்.

பைபரில் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் மட்டும் தெரிந்தால், அது பெரும்பாலும் மேற்பூச்சில் ஏற்பட்ட பிளவு. நகத்தால் உராய்ந்து பார்த்தால் நகம் உள்ளே இறங்காது. விரலால் அழுத்தும்போது கோட்டின் இரு பக்கமும் தனித்தனியாக அசைந்தால், அது ஆழமான வெடிப்பு. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து, ஒரு நாணயத்தால் கூரையை வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று தெளிவாகக் கேட்கும். அடுக்குகள் பிரிந்தோ உள்ளே பலகை ஊறியோ இருந்தால் ஓசை மந்தமாகும். அந்த இடங்களைப் பென்சிலால் சுற்றிக் குறித்துக்கொள்ளலாம்.

உள்ளே நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைப்பது தவறு. நீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, தாழ்வான இடத்தில்தான் விழும். ஒருவர் உள்ளே விளக்கோடு இருக்க, மற்றவர் வெளியே தாழ்வான பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகக் குழாய்த் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். எடுத்த எடுப்பில் முழுக் கூரையையும் நனைத்துவிட்டால் எந்த இடம் ஒழுகுகிறது என்று தெரியாது. பல வேளைகளில் குற்றவாளி வெடிப்பாகக்கூட இருக்காது. காற்றுத் திறப்பு, விளக்கு, மின்கம்பி நுழையும் துளை ஆகியவற்றைச் சுற்றியுள்ள பழைய பசை காய்ந்து பிரிந்திருக்கும். இந்தச் சோதனைக்கு முன் மின்சாரத்தையும் ஜெனரேட்டரையும் நிறுத்திவிட வேண்டும்.

உடனடிக்கு என்ன செய்வது?

நாளைக்குச் சந்தை, இன்றைக்கு ஒழுகுகிறது என்ற நிலையில் முழு வேலை செய்ய நேரமிருக்காது. அப்போது வெடிப்பைச் சுற்றி நன்றாகத் துடைத்து, காயவிட்டு, அலுமினியப் பரப்புள்ள பியூட்டில் ஒட்டுப்பட்டையை ஒட்டலாம். பட்டை வெடிப்பின் இரு பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் பரவ வேண்டும். ஈரத்தில் எந்த ஒட்டும் நிற்காது. காயவைக்க முடியாத மழை என்றால், கன்வாஸ் போட்டுக் கட்டிக்கொள்வதே மேல்.

சிலிக்கோனைத் தொட வேண்டாம். ஹார்ட்வேர் கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று பலரும் ஒரு குழாயை வாங்கி வெடிப்பின்மீது பிழிந்துவிடுகிறார்கள். சில வாரங்களில் ஓரம் பிரிந்து, நீர் அதற்கடியில் புகுந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு ரெசினும் ஒட்டாது, சாயமும் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத படலத்தைக்கூடச் சுரண்டி எடுக்க வேண்டிவரும். இணைப்புகளை அடைக்கப் பசை தேவை என்றால், வாகனங்களுக்கென்று வரும் பாலியூரித்தேன் பசையைக் கேட்டு வாங்கலாம். தார் கலந்த பசையும் ஆகாது. நம் வெயிலில் அது உருகி வழியும்.

பைபர் கூரையைச் சரிசெய்யும் முறை

ஊத்தான் மெலிந்தாங் போன்ற மீன்பிடி ஊர்களுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பைபர் படகைப் பழுதுபார்ப்பதும் பைபர் கூரையைப் பழுதுபார்ப்பதும் ஒரே வேலைதான். படகுச் சாமான் விற்கும் கடைகளில் ரெசின், கண்ணாடி இழைப் பாய், உருளை எல்லாம் கிடைக்கும். அனுபவமுள்ள கைகளும் அங்கே உண்டு.

வேலையின் பெரும்பகுதி தயாரிப்புதான். முதலில் அசிட்டோன் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் போதாது, தேய்க்கும்போதே பிசுக்கு உள்ளே ஏறிவிடும். அதன்பின் 60ஆம் எண் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாளால் சாயத்தையும் மேற்பூச்சையும் இழை தெரியும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். வெடிப்பின் கோட்டில் நடுப்பகுதி ஆழமாகவும் ஓரங்கள் படிப்படியாக மேலேறியும் ஆழமற்ற கிண்ணம்போல் சரிய வேண்டும். கூரையின் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலம் ஒவ்வொரு பக்கமும் சரிவு இருப்பது நல்ல அளவு. 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் இரு பக்கமும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். வெடிப்பின் கோட்டை மட்டும் நிரப்பி மூடினால், அந்த நிரப்பல் மீண்டும் பிளக்கும். பளுவைத் தாங்குவது பரந்து ஒட்டும் இழைதான்.

உள்ளே பலகை ஊறியிருந்தால், அது முழுக்கக் காயும்வரை மூடவே கூடாது. மக்கிய பலகையை வெட்டி எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். ஈரத்தின்மீது போடும் பைபர், புண்ணை ஆற்றாமல் மேலே தோலை மட்டும் மூடுவதைப் போன்றது.

வெடிப்பு மறுபக்கம்வரை போயிருந்தால், உள்பக்கத்தில் பிளாஸ்டிக் ஒட்டுப்பட்டை சுற்றிய அட்டையை முட்டுக்கொடுத்து வைத்தால் ரெசின் ஒழுகாது. பிறகு, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள இழைப்பாயை மூன்று நான்கு துண்டுகளாக, ஒன்றைவிட ஒன்று சிறியதாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஓர் அடுக்கு இறுகினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரும். பெரிய துண்டை முதலில் போட்டு, சிறியவற்றை மேலே போட வேண்டும். பிறகு மட்டமாகத் தேய்க்கும்போது பெரிய துண்டின் இழை அறுபடாமல் இருக்கும்.

பாலியஸ்டர் ரெசினை இறுகச் செய்வது எம்இகேபி என்னும் திரவம். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் போதும். நம் நாட்டுச் சூட்டுக்கு 1 கிராமில் தொடங்குவது நல்லது. அதிகம் ஊற்றினால் பாதி வேலையிலேயே கட்டியாகிவிடும், உறுதியும் குறையும். ஒருமுறைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். கிண்ணத்தில் நிறையக் கலந்து வைத்தால், தானாகச் சூடேறிப் புகையும். கலந்த ரெசினை முதலில் பரப்பில் பூசி, பாயை வைத்து, மேலும் ரெசின் ஊட்டி, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். வெள்ளையாக இருக்கும் பாய் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தால் ரெசின் நன்றாக இறங்கிவிட்டது என்று பொருள். வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அங்கே காற்று இருக்கிறது.

நண்பகல் வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் கூரையிலும், மழை திரண்டிருக்கும் மாலையிலும் இவ்வேலை வேண்டாம். காலையில், நிழலில் செய்வது பொருத்தம். மறுநாள் தேய்த்து, மேற்பூச்சோ சாயமோ பூசலாம். பூசாமல் விட்டால் வெயில் இழையைத் தின்றுவிடும்.

எப்போக்சி ரெசின் விலை கூடினாலும் பழைய பைபரில் இன்னும் வலுவாக ஒட்டும். ஆனால் எப்போக்சி போட்ட இடத்தின்மேல் பிறகு பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. எப்போக்சிக்கு நெய்த கண்ணாடித் துணியைப் பயன்படுத்துவது நல்லது. எதில் தொடங்குகிறோமோ அதிலேயே முடிக்க வேண்டும்.

ஏபிஎஸ் கூரை என்றால்

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஏபிஎஸ் கூரையின்மீது பாலியஸ்டர் ரெசினும் இழைப்பாயும் போட்டால், முதல் நாள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ரெசினில் உள்ள ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். இரண்டும் விரியும் அளவும் வேறு. சில மாதங்களில் அப்பளம்போல் பிரிந்து வந்துவிடும்.

ஏபிஎஸ்ஸுக்கு ஏபிஎஸ்தான் மருந்து. வெடிப்பு முடியும் இடத்தைக் கவனமாகப் பார்த்து, அதன் நுனியில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டத் துளை போட வேண்டும். கூர்மையான நுனியில் குவியும் இழுவிசையை வட்டம் பரப்பிவிடுவதால், வெடிப்பு மேலும் ஓடாது. பிறகு வெடிப்பின் கோட்டைச் சரிவாகச் செதுக்கி, இரு பக்கமும் உப்புத்தாள் போட வேண்டும்.

ஏபிஎஸ் துண்டுகளைச் சிறிதாக நறுக்கி, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் அசிட்டோனில் ஓர் இரவு ஊறவைத்தால், கெட்டியான பசையாகக் கரையும். இந்தப் பசையை வெடிப்பில் மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. அசிட்டோன் ஆவியாகும்போது பசை சுருங்கும் என்பதால், ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் நடுவில் குழிந்து மீண்டும் பிளக்கும். அடுக்குகளுக்கு இடையே மெல்லிய கண்ணாடித் துணியைப் பதித்தால் வலு கூடும். முடிந்தால் உள்பக்கத்தில் ஓர் ஏபிஎஸ் தகட்டுத் துண்டை அதே பசையால் ஒட்டலாம்.

வெடிப்பை மூடினால் மட்டும் போதாது, அதை உண்டாக்கிய காரணத்தையும் நீக்க வேண்டும். இறுகிய திருகாணியைக் கழற்றி, கூரையின் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அகலமான வாசரும் நெகிழும் பசையும் போட்டு, பிளாஸ்டிக் நகர இடம் விட்டுப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வெடிப்பு பக்கத்திலேயே வரும். ஏபிஎஸ்ஸைத் துடைக்கப் பெட்ரோலோ தின்னரோ பயன்படுத்தக் கூடாது.

கடைசியாக, கூரை முழுவதற்கும் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற வெள்ளை நெகிழ்பூச்சு இரண்டு முறை பூசினால், சூடும் குறையும், புற ஊதாக் கதிரும் தடுக்கப்படும்.

தூக்கி நிறுத்தும் கூரைக்குத் தனிக் கவனம்

மடக்குக் கேம்பரின் கூரை நான்கு மூலைகளிலும் ஒரே சீராக உயர வேண்டும். ஒரு மூலைக் கம்பியோ கைத்தூணோ பின்தங்கினால், கூரை முறுக்கிக்கொண்டு மூலையில் வெடிக்கும். அத்தகைய வெடிப்பை எத்தனை முறை ஒட்டினாலும் பயனில்லை. முதலில் தூக்கும் அமைப்பைச் சமப்படுத்த வேண்டும்.

வெடிப்பு நிறைய இருக்கிறது என்று கூரை முழுவதும் பைபர் போட நினைப்போர் எடையைக் கணக்கிட வேண்டும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள கூரையில் இரண்டு அடுக்கு இழைப்பாய் போட்டால், ரெசினோடு சேர்த்து ஏறத்தாழ 18 கிலோ கூடும். அதைத் தூக்கும் கம்பியும் ஸ்பிரிங்கும் தாங்குமா என்று பார்க்காமல் போட்டால், கூரை காப்பாற்றப்பட்டு தூக்கும் அமைப்பு அறுந்துவிடும்.

தூக்கிய கூரைக்கு அடியில் வேலை செய்யும்போது கம்பியை மட்டும் நம்பக் கூடாது. நான்கு மூலைகளிலும் உறுதியான மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும். மழையில் நனைந்த கன்வாஸை அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வீடு வந்ததும் மீண்டும் விரித்துக் காயவைக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கூரை போனால் மாற்றலாம், கண் போனால் வராது. எம்இகேபி ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. பட்டுவிட்டால், உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, பின்னர் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரெசினுடன் கலக்கும் கோபால்ட் என்ற ஊதா நிறத் திரவத்தை எம்இகேபியோடு நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். பெரும்பாலான ரெசின்களில் கோபால்ட் முன்பே கலந்திருக்கும். கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

ரெசின் ஆவியும் அசிட்டோன் ஆவியும் எளிதில் தீப்பிடிக்கும். உணவு வேனில் எரிவாயுக் கலனை அப்புறப்படுத்திவிட்டே வேலை தொடங்க வேண்டும். சிகரெட் கூடாது. பைபரைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. தூளைத் தடுக்கும் முகக்கவசம், கையுறை, நீளக்கைச் சட்டை தேவை. பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். எஞ்சிய ரெசினைக் கால்வாயில் ஊற்றாமல், இறுகவிட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

உணவு வேன் வைத்திருப்போர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. புதிதாகப் போட்ட ரெசினின் வாடை முழுக்கப் போகும்வரை, கதவைத் திறந்து சில நாள் காற்றாட விட்ட பிறகே உள்ளே சமைக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகள் உணவு தயாரிக்கும் இடம் சுத்தமாகவும் நல்ல நிலையிலும் இருக்க வேண்டும் என்கின்றன. ஒழுகும் கூரையும் பூஞ்சை பிடித்த உள்தட்டும் அதற்கு எதிரானவை.

பட்டறைக்கும் ஜேபிஜேக்கும் எப்போது போக வேண்டும்?

ஒரு முழம் நீளத்துக்குள் உள்ள வெடிப்பை, கைப்பழக்கம் உள்ளவர் தாமே சரிசெய்யலாம். சட்டத்தோடு இணையும் இடத்தில் வெடிப்பு, பல இடங்களில் மந்தமான ஓசை, கூரை தாழ்ந்த நிலை இவற்றில் ஏதேனும் இருந்தால் பட்டறைதான் சரி. எந்த ரெசின் போடுவீர்கள், உள்ளே பலகையைத் திறந்து பார்ப்பீர்களா, எத்தனை அடுக்கு என்று மூன்று கேள்விகளைக் கேட்டாலே வேலை தெரிந்தவரா என்பது விளங்கிவிடும். “மேலே பூசிக் கொடுத்துவிடுகிறேன்” என்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது.

இருந்த கூரையை இருந்தபடியே பழுதுபார்ப்பது வேறு, கூரையை உயர்த்துவது, வெட்டித் திறப்பது, தூக்கும் கூரையாக மாற்றுவது வேறு. வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும். வேலைக்குப் பணம் கட்டும் முன்பே ஜேபிஜேயில் கேட்டறிவது பாதுகாப்பு. மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பழமையால் வந்த வெடிப்புக்குப் பொதுவாகக் காப்புறுதி இழப்பீடு கிடைக்காது. கிளை விழுந்தோ மோதியோ ஏற்பட்ட சேதம் என்றால், கைவைக்கும் முன்பே படம் எடுத்து வைத்துக்கொண்டு விசாரிக்கலாம்.

பழைய உணவு வேனை வாங்கப் போவோர், அதிலும் தெக்குன் நேஷனலின் ஸ்புமி போன்ற கடனுதவியில் வாங்குவோர், கையெழுத்திடும் முன் கூரையைப் பார்த்தே ஆக வேண்டும். உள்கூரையில் புதிதாக ஒட்டிய பலகை, மூலையில் மட்டும் புதுச் சாயம், திறப்புகளைச் சுற்றித் தடித்த சிலிக்கோன், கதவைத் திறந்ததும் வரும் புழுங்கல் வாடை, மூலையில் மிதித்தால் அமுங்கும் தரை, இவை எல்லாம் ஒழுகலை மறைத்ததன் அடையாளங்கள். வெயில் நாளில் போய்ப் பார்ப்பதைவிட, மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம். கடன் தவணை மாதாமாதம் வரும். வண்டி பட்டறையில் கிடக்கும் மாதத்துக்கு விதிவிலக்கு இல்லை.

ஆண்டுக்கு இரண்டு நாள் போதும்

மார்ச்சில் ஒரு நாள், செப்டம்பரில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். கூரையைக் கழுவி, நாணயத்தால் தட்டி, திறப்புகளைச் சுற்றியுள்ள பசையைப் பார்த்து, காய்ந்ததை மாற்றிவிடலாம். நிறுத்தும்போது வண்டியை ஒரு பக்கம் சற்றுச் சாய்வாக நிறுத்தினால் நீர் தேங்காது. இலைச் சருகு சேர்ந்து நீரோட்டத்தை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூரைமேல் புதிதாக எதையும் ஏற்றும் முன், அதற்கு நேர் கீழே சட்டம் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

விரல் நீள வெடிப்பை மார்ச் மாதத்தில் அடைக்க ஒரு காலைப்பொழுதும் சிறிது ரெசினும் போதும். அதே வெடிப்பைச் சித்ரா பௌர்ணமி வரை விட்டுவைத்தால், பலகையும் மின்கம்பியும் சேர்ந்து போகும், வியாபார நாளும் போகும்.